நோவுக் குளிசைகள்: தெரிந்துதான் பாவிக்கிறோமா?

எனது உம்மாவுக்கு முழங்கால் நோவு வந்து பல வருடங்களாகின்றன. நின்று தொழுதவர் கதிரையில் அமர்ந்து தொழத் தொடங்கினார். படியேற முடியாது, பாயில் அமர்ந்தால் எழும்ப முடியாது. அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டு நான் பாமசிக்குச் சென்றேன். முழங்கால் நோவு என்றதும் ஒரு கார்ட் குளிசை தந்தார்கள். டைக்ளோபெனக், 50 மில்லிகிராம். காலையும் இரவும் ஒவ்வொன்று.

இரண்டாம் நாளே உம்மா குசினியில் நின்று ரொட்டி சுட்டார். "மகன், இது நல்ல குளிசை. முடியிறதுக்கு முந்தி இன்னொரு கார்ட் எடுத்து வைங்க" என்றார். நானும் மாதாமாதம் தவறாமல் வாங்கிக் கொடுத்தேன். பெற்ற தாய்க்குச் செய்யும் பணிவிடை என்றே அதனை எண்ணியிருந்தேன்.

ஏழெட்டு மாதங்கள் கழிந்தன. நோன்பு மாதத்தின் நடுப்பகுதியில் உம்மாவின் கால்கள் வீங்கின. சிறுநீர் குறைந்தது. சாப்பாட்டைக் கண்டால் ஓங்காளம். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைப் பரிசோதித்தபோது, சிறுநீரகங்கள் அகற்ற வேண்டிய கழிவு இரத்தத்திலேயே தேங்கியிருப்பது தெரிந்தது. வைத்தியர் உம்மாவின் மருந்துப் பையை மேசையில் கொட்டினார். பிரஷருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் லோசார்ட்டன், சிறுநீர் போவதற்குக் கொடுக்கும் குளிசை, அவற்றோடு நான் வாங்கிக் கொடுத்த டைக்ளோபெனக்.

"மௌலவி, இந்த மூன்டையும் ஒன்டா குடிக்கச் சொன்ன யாரு?"

"யாரும் சொல்லல்ல டொக்டர். நான்தான் வாங்கிக் குடுத்த."

அன்று நான் வெட்கித்து நின்றேன். நான் வைத்தியனல்லன், அறபுப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியன். ஆனால் அன்றிலிருந்து இவ்விடயத்தைக் கேட்டும் வாசித்தும் அறிந்து கொண்டேன். நான் செய்த தவறை இன்னொரு மகனோ மகளோ செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

குளிசை எப்படி வேலை செய்கிறது?

உடலில் ஓரிடம் காயப்பட்டால் அல்லது அழற்சியுற்றால், அங்குள்ள கலங்கள் புரொஸ்டகிளாண்டின் எனும் இரசாயனப் பொருட்களைச் சுரக்கின்றன. அவை நரம்பு முனைகளைத் தூண்டி நோவைக் கூட்டுகின்றன. வீக்கத்தையும் சூட்டையும் உண்டாக்குகின்றன. 'இங்கே ஏதோ பிழை நடந்திருக்கிறது, கவனி' என்று உடல் நமக்கு அனுப்பும் செய்தியே நோவு.

அஸ்பிரின் 1899ஆம் ஆண்டு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது. உலகமே அதனைப் பாவித்தது. ஆனால் அது எவ்வாறு நோவைத் தணிக்கிறது என்பது எழுபது வருடங்களுக்கு மேல் யாருக்கும் சரிவரத் தெரியாதிருந்தது. 1971இல்தான் ஜோன் வேன் எனும் பிரித்தானிய விஞ்ஞானி, அது புரொஸ்டகிளாண்டின் சுரப்பதைத் தடுக்கிறது என்று காட்டினார். அந்த ஆய்வுகளுக்காக 1982இல் வேறிருவருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதிலேதான் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. புரொஸ்டகிளாண்டின் நோவை மட்டும் உண்டாக்கும் பொருளல்ல. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதுதான். உடலில் நீர் குறையும்போது சிறுநீரகங்களுக்குப் போதிய இரத்தம் செல்ல வழிசெய்வதும் அதுதான். முழங்காலுக்கென்று நாம் விழுங்கும் குளிசைக்கு முழங்கால் எது, இரைப்பை எது என்று தெரியாது. எல்லா இடத்திலும் ஒரே வேலையைத்தான் அது செய்யும்.

எனது உம்மாவுக்கு நடந்ததும் இதுவே. லோசார்ட்டன், எனலபிரில் போன்ற பிரஷர்க் குளிசைகள் சிறுநீரகத்தின் உள்ளே இரத்த அழுத்தத்தைக் குறைக்கின்றன. சிறுநீர் போகச் செய்யும் குளிசை உடலின் நீரைக் குறைக்கிறது. இவற்றுக்கு மேல் டைக்ளோபெனக்கும் சேர்ந்தபோது சிறுநீரகங்களுக்கு இரத்தம் வரும் வழியும் ஒடுங்கியது. நோன்பில் நீரின்றி இருந்தது நிலைமையை மேலும் மோசமாக்கியது. இம்மூன்று வகைகளும் ஒன்றுசேர்வது எவ்வளவு ஆபத்தானது என்பது வைத்தியர்கள் நன்கறிந்த விடயம். அறியாதிருந்தது நான்தான்.

பனடோல் பாதுகாப்பானதா?

நோவுக் குளிசைகளில் நாம் வீட்டில் அதிகம் பாவிப்பவை இரு வகையின. ஒன்று பரசிட்டமோல், நாம் பனடோல் என்றே அழைப்பது. மற்றையது அழற்சியைத் தணிக்கும் வகை. அஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபெனக், மெபனமிக் அசிட் ஆகியன இதில் அடங்கும். பெயர்களும் நிறங்களும் வேறுபட்டாலும் இவையனைத்தும் ஒரே குடும்பம். எனவே இவற்றில் இரண்டை ஒன்றாக எடுப்பதில் நன்மை கூடாது; தீமைதான் கூடும்.

பரசிட்டமோல் இரைப்பையைப் புண்ணாக்குவதில்லை. அளவோடு பாவித்தால் இருக்கின்றவற்றில் அதுவே நல்லது. ஆனால் அளவு மீறினால் ஈரலை அழித்துவிடும். சுகதேகியான வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்தில் எடுக்கக்கூடிய உச்ச அளவு 4 கிராம். அதாவது 500 மில்லிகிராம் குளிசைகள் எட்டு. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் இடையே குறைந்தது நான்கு மணித்தியாலம் கழிய வேண்டும். மெலிந்தவர்கள், சரியாகச் சாப்பிட முடியாதவர்கள், ஈரல் நோயுள்ளவர்கள் இதனிலும் குறைத்தே எடுக்க வேண்டும்.

தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிட்டமோல் கலந்திருக்கிறது. காய்ச்சலுக்குப் பனடோல் இரண்டு, மூக்கடைப்புக்குத் தடிமன் குளிசை இரண்டு என்று எடுப்பவர் அறியாமலே இரட்டை அளவை விழுங்குகிறார். பெட்டியில் எழுதியிருக்கும் சேர்மானத்தை வாசிக்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

அளவு மீறியவருக்கு முதல் நாளில் ஓங்காளம், வாந்தி தவிர வேறொன்றும் தெரியாமலிருக்கலாம். "ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டார் ஆறுதலடைவர். இரண்டாம், மூன்றாம் நாட்களிலேயே ஈரலின் சேதம் வெளிப்படும். இதற்கு மாற்று மருந்து உண்டு. எட்டு மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். ஆகவே அறிகுறிகள் தோன்றும் வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பிள்ளைகளுக்கு வயதைப் பார்த்தல்ல, நிறையைப் பார்த்தே மருந்தளக்க வேண்டும். ஒரு தடவைக்கு, உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேற்படலாகாது. பாணி மருந்தின் செறிவு போத்தலுக்குப் போத்தல் வேறுபடும். குசினித் தேக்கரண்டியால் அளக்காமல் மருந்தோடு வரும் கரண்டியாலேயே அளந்து கொடுங்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வைத்தியர் சொன்னாலன்றி அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் எனும் அரிய நோய்க்கும் அதற்கும் தொடர்பிருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

மற்றைய குடும்பம்

அழற்சியைத் தணிக்கும் குளிசைகள் இரைப்பையில் புண்ணை உண்டாக்கலாம். சாப்பிட்ட பின் எடுத்தால் எரிவு குறையும். ஆனால் ஆபத்து முற்றாக நீங்கிவிடாது. ஏனெனில் குளிசை இரத்தத்தில் கலந்த பின்னரும் இரைப்பையின் பாதுகாப்பைக் குறைக்கிறது. வயோதிபர்களுக்குப் பல சமயம் வயிற்றுநோவே இல்லாமல் இரத்தம் கசியும். மலம் தார் போல் கறுத்துப் போனாலோ, கோப்பித் தூள் போன்று வாந்தி வந்தாலோ அது இரத்தமாக இருக்கலாம். ஒரு கணமும் தாமதிக்கலாகாது.

இதயத்துக்கும் இவற்றால் கேடுண்டு. இரைப்பைக்குப் பாதகமில்லாதது என்று 1999இல் விற்பனைக்கு வந்த ரொபெகொக்ஸிப் எனும் குளிசை, மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் கூட்டுவது தெரிந்து 2004 செப்டெம்பரில் உலகெங்கும் மீளப்பெறப்பட்டது. டைக்ளோபெனக்கும் இவ்விடயத்தில் குற்றமற்றதல்ல. இதய நோய் உள்ளவர்கள் அதனைத் தவிர்க்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவின் அனுபவம் நமக்குப் பாடமாக வேண்டியது. ஒரு காலத்தில் அங்கே அஸ்பிரின், பினாசிற்றின், கபீன் ஆகிய மூன்றும் கலந்த தூள் சிறு காகிதப் பொட்டலங்களில் கடைதோறும் விற்கப்பட்டது. குடும்பப் பெண்கள் தலையிடிக்கும் களைப்புக்கும் தேநீரோடு அதனைக் குடிப்பதை அன்றாட வழக்கமாக்கிக் கொண்டனர். வருடங்கள் சென்றபின் ஆயிரக்கணக்கானோர் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரிகளுக்கு வந்தனர். இத்தகைய கலப்பு மருந்துகளைச் சீட்டின்றி விற்பதை 1979இல் அந்நாடு தடைசெய்த பின்னரே அந்நோய் குறைந்தது. கடையில் கிடைக்கிறது, எல்லோரும் குடிக்கிறார்கள் என்பது ஒரு மருந்து பாதுகாப்பானது என்பதற்கு அத்தாட்சியல்ல.

இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் கழுகினப் பறவைகளான பிணந்தின்னிக் கழுகுகள் 1990களில் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2004இல்தான் காரணம் தெரிந்தது. நோவுக்காக மாடுகளுக்கு டைக்ளோபெனக் ஏற்றப்பட்டிருந்தது. அம்மாடுகளின் உடலைத் தின்ற பறவைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகள் மாடுகளுக்கு அதனைக் கொடுப்பதைத் தடைசெய்தன. மனிதனின் உடல் அப்பறவையின் உடலைப் போன்றதல்ல என்பது உண்மையே. எனினும் அம்மருந்தின் வலிமையை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

இக்குளிசைகளைத் தாமாக வாங்கிப் பாவிக்கவே கூடாதவர்கள்: சிறுநீரக நோயாளர், இரைப்பைப் புண் இருந்தவர், இதய நோயாளர், பிரஷர்க் குளிசை எடுப்பவர், வார்பரின் போன்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர், அஸ்பிரினால் முட்டு வருபவர், கர்ப்பிணிகள். குறிப்பாக கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பின் இவை சிசுவின் சிறுநீரகத்தையும், இறுதி மாதங்களில் அதன் இதயத்தோடு இணைந்த குருதிக் குழாயையும் பாதிக்கக் கூடும். ஆனால் இதய நோய்க்காக வைத்தியர் எழுதித் தந்த சிறு அளவு அஸ்பிரினை இதை வாசித்துவிட்டு எவரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அதுவும் ஆபத்தே.

காய்ச்சல் காலத்தில்

நமது நாட்டில் 2017இல் மட்டும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். டெங்கில் இரத்தத்தை உறையச் செய்யும் சிறுதட்டுகள் குறைகின்றன. அந்நேரத்தில் அஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபெனக், மெபனமிக் அசிட் ஆகியவற்றில் எதைக் கொடுத்தாலும் இரத்தப்போக்கு ஏற்பட இடமுண்டு. காய்ச்சல் இறங்கவில்லை என்ற பதற்றத்தில் பிள்ளைக்கு மலவாயிலில் வைக்கும் டைக்ளோபெனக் மருந்தை நாடுவோர் இதனை மனதில் இருத்துங்கள். காய்ச்சலுக்கு அளவான பரசிட்டமோல் மட்டுமே. உடம்பை வெதுவெதுப்பான நீரால் துடைத்து, பானங்களைக் கொடுத்து, வைத்தியரிடம் காட்டி இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

தலையிடியைத் தரும் தலையிடிக் குளிசை

தலையிடிக்கு அடிக்கடி குளிசை எடுப்பவருக்கு அக்குளிசையே தலையிடியைத் தரும் என்றால் பலர் நம்பமாட்டார்கள். மாதத்தில் 15 நாட்களுக்கு மேல் பரசிட்டமோலோ இபுபுரூபனோ எடுப்பதை மூன்று மாதங்கள் தொடர்ந்தால் இந்நிலை வரலாம். காலையில் கண் விழிக்கும்போதே தலை இடிக்கும். குளிசை எடுத்தால் சற்றுக் குறையும். மறுநாள் மீண்டும் வரும். இதற்குரிய வைத்தியம் குளிசையை நிறுத்துவதே. முதல் சில நாட்கள் தலையிடி கூடும். பொறுத்துக் கொண்டால் பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடுகிறது. வைத்தியரின் ஆலோசனையுடன் இதனைச் செய்வது நல்லது.

நோன்பு மாதத்தில்

நோன்பு வந்தால் ஸஹருக்கு ஒரு தேநீரோடு இரண்டு குளிசைகளைப் போட்டுக் கொள்வோர் நம்மில் உளர். வெறுவயிறு, அடுத்த பதின்மூன்று மணித்தியாலம் நீரில்லை. இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் இதனிலும் கெட்ட வேளை வேறில்லை. தவிர்க்க முடியாமல் எடுக்க வேண்டியவர் இரவில் சாப்பிட்ட பின், நிறைய நீருடன் எடுக்கட்டும். பகல் நேரத்துக்குரிய அளவையும் சேர்த்து இரவில் ஒரேயடியாக எடுப்பது தவறு. பிரஷர், சீனி, சிறுநீரக வருத்தமுடையோர் நோன்புக்கு முன்னரே வைத்தியரைக் கண்டு மருந்து நேரங்களைச் சீர்செய்து கொள்ளட்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதனை ஏற்றுக் கொள்வதில் குறைவொன்றுமில்லை.

இயற்கை வழிகள்

ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' எனும் மருத்துவ நூலில் நோவை 15 வகையாகப் பிரித்துக் காட்டினார். நோவைத் தணிப்பவற்றில் மெதுவாக நெடுநேரம் நடப்பதையும் மனம் ஒன்றிச் செய்யும் வேலையையும் அவர் சேர்த்திருக்கிறார். இன்றைய வைத்தியமும் இவ்விடயத்தில் அவரோடு உடன்படுகிறது.

நாரி நோவுக்குப் படுத்துக் கிடப்பதே வைத்தியம் என்று நாம் நம்பியிருந்தோம். அது நோவை நீடிக்கவே செய்யும். புதிதாக வந்த சாதாரண நாரி நோவுக்கு முதலில் வெந்நீர் ஒத்தடம், தடவுதல் போன்ற மருந்தில்லா வழிகளையே நாட வேண்டும் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. இயன்றளவு நடமாடுங்கள். மாதவிடாய் நோவுக்கும் அடிவயிற்றில் வெந்நீர்ப் போத்தல் வைப்பது நல்ல பயன் தரும். துணியால் சுற்றி வையுங்கள். தோல் வெந்துவிடக் கூடாது. சீனி வருத்தத்தால் பாதம் மரத்துப் போனவர்கள் காலில் சூடு வைக்கவே கூடாது.

கால் சுளுக்கிய முதல் இரண்டு நாட்களில் சூடு வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள்.

முழங்கால் தேய்வுக்குச் சிறந்த மருந்து தொடைத் தசையைப் பலப்படுத்துவது. கதிரையில் நேராக அமர்ந்து ஒரு காலை முன்னே நீட்டி, ஐந்து விநாடிகள் பிடித்து மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் மாலையும். உடல் பருத்தவர் ஒரு கிலோ குறைத்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என அமெரிக்காவில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2005இல் காட்டியது. மருந்து தேவைப்பட்டால், முழங்காலுக்குப் பூசும் ஜெல் வகை, குளிசையை விட மிகக் குறைவாகவே இரத்தத்தில் கலக்கிறது. வைத்தியரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

நமது குசினியிலும் மருந்துண்டு. மாதவிடாயின் முதல் மூன்று நாட்களில் நாளொன்றுக்கு ஒரு கிராம் அளவில் வேர்க்கொம்புத் தூள் எடுத்த பெண்களுக்கு நோவு குறைந்ததைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பல்நோவுக்குக் கராம்பெண்ணெய் ஒரு துளியைப் பஞ்சில் நனைத்து வைத்தால் சற்று மரத்துப் போகும். ஆனால் அது பல் வைத்தியரிடம் செல்லும் வரைக்குமான ஆறுதலே. மஞ்சள் முழங்கால் நோவைத் தணிப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் கூறுகின்றன.

இயற்கையானது என்பதால் ஆபத்தற்றது என்று எண்ணிவிடலாகாது. அஸ்பிரினின் மூலம் வில்லோ மரப் பட்டையில் உள்ள பொருள்தானே. கறியில் இடும் மஞ்சளால் கேடில்லை. ஆனால் செறிவூட்டிய மஞ்சள் குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்டோர் இத்தாலியிலும் அவுஸ்திரேலியாவிலும் பதிவாகியுள்ளனர். வார்பரின் எடுப்பவர்கள் மஞ்சள், இஞ்சிக் குளிசைகளை வைத்தியரிடம் கேளாமல் எடுக்கக் கூடாது. கற்பூரம் கலந்த தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கருகே பூசாதீர்கள். பிள்ளை அதை விழுங்கினால் வலிப்பு வரலாம்.

பெயர்ச்சீட்டில்லாத 'மூட்டுவலித் தூள்' விற்போரிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை. மூலிகை என்று விற்கப்பட்ட ஒரு மூட்டுவலிக் குளிசையில் டைக்ளோபெனக்கும் ஸ்டெரொயிட்டும் மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் 2022இல் கண்டுபிடித்து எச்சரித்தது. ஒரே நாளில் நோவு பறந்துவிட்டால் மகிழ்ச்சியடையுமுன் சந்தேகப்படுங்கள்.

எப்போது வைத்தியரிடம் செல்வது?

நெஞ்சை அழுத்தி கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு, திடீரென்று வந்த தாங்க முடியாத தலையிடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, நாரி நோவோடு கால் பலவீனம் அல்லது சிறுநீர் கட்டுக்கடங்காமை, கடுமையான வயிற்றுநோவு, காய்ச்சலோடு சிவந்து வீங்கிய மூட்டு, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியமும் வேண்டாம், பாமசிக் குளிசையும் வேண்டாம். உடனே வைத்தியரிடம் செல்லுங்கள். சாதாரண நோவென்றாலும், மூன்று நாட்களுக்கு மேல் குளிசை தேவைப்பட்டால் அவரிடம் கேட்பதே முறை. செல்லும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள். அதை நான் முன்னரே செய்திருந்தால் உம்மாவுக்கு அந்நிலை வந்திராது.

அல்லாஹ்வின் அருளால் உம்மா தேறினார். சிறுநீரகங்கள் முழுமையாகப் பழைய நிலைக்கு வரவில்லை. மூன்று மாதத்துக்கொரு முறை பரிசோதிக்க வேண்டியிருக்கிறது. முழங்கால் நோவும் முற்றாகப் போய்விடவில்லை. காலையில் வெந்நீர் ஒத்தடம், பின்னர் கதிரையில் அமர்ந்து காலை நீட்டும் பயிற்சி. எண்ணிக்கையை எனது இளைய மகள் சொல்லிக் கொடுக்கிறாள். சில நாட்களில் நோவு கடுமையாக இருக்கும்போது உம்மா இன்றும் கேட்பார்: "மகன், அந்தப் பழைய குளிசையில ஒன்டு இருக்கா?"

"இல்ல உம்மா" என்று சொல்லிவிட்டு ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்கிறேன். அந்தக் குளிசையை வாங்கி வருவது எனக்கு இலகுவாகத்தான் இருந்தது. உம்மாவின் அருகில் அரை மணித்தியாலம் அமர்ந்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கத்தான் அன்று எனக்கு நேரமிருக்கவில்லை.